தக்கை முங்கின நேரத்தில் நான் எங்கே போயிருந்தேன்?

கொஞ்சம் நீளமான பதிவு இது. சாப்பிட்டுவிட்டு, வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். அவசரமாகப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டாம்.

என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு என்னைப் பற்றி ஆர்க்கிமிடிஸ் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு வசனம் கட்டாயம் ஞாபகம் இருக்கும். "ஜன்னல்ல என்னடா சினிமாவா ஓடுது?" பழைய மாணவர்கள் சந்திப்புக்கு எப்போது கூப்பிட்டாலும் யாராவது ஒருத்தர் என் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இன்றைய பதிவு அந்த வசனத்தைப் பற்றியதுதான். ஆனால் ஒரு மீனில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

என் பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அவன் டைரியில் வகுப்பு ஆசிரியை ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். வகுப்பில் கவனம் இல்லை, எப்போதும் கனவில் இருப்பதுபோல் இருக்கிறான், பெற்றோர் பேசவும் என்று. என் மகள் ராத்திரியே போன் போட்டுவிட்டாள்.

"அப்பா, நீங்க முப்பத்து மூணு வருஷம் வாத்தியாரா இருந்தீங்க. இவன்கிட்ட நீங்களே பேசுங்க. நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறான்."

வாத்தியார் ரத்தம் சும்மா இருக்குமா? பொங்கல் விடுமுறைக்கு அவன் வானகரம் வந்ததும் திட்டம் போட்டேன். உட்காரவைத்து அறிவுரை சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏறாது. தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போவோம், தக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கவனம் என்றால் என்ன என்று தானாகப் புரியும், நடுவில் நாமும் இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கணக்கு.

என் வீட்டு அம்மா கேட்டாள், "ஏங்க, நம்ம வானகரத்துலயே இவ்வளவு பெரிய மீன் மார்க்கெட் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா எங்கெங்க இருந்தோ வந்து வாங்கிட்டுப் போறாங்க. நீங்க எழுபது வயசுக்கு மேல ஏரிக்கரையில போய் உக்காரணுமா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் கேட்கவில்லை.

சின்ன வயதில் எனக்குத் தூண்டில் பழக்கம் உண்டு. அறுபதுகளில் திருவேற்காட்டுப் பக்கம் கூவத்தில் மீன் பிடித்தவன் நான். இந்தக் காலப் பிள்ளைகள் கூவம் என்றாலே மூக்கைப் பிடிப்பார்கள். ஆனால் வேதபுரீஸ்வரர் கோயில் பக்கம் அன்றைக்கு அது மணல் தெரிகிற ஆறு. கால் நனைத்து நின்றால் கெண்டைக் குஞ்சுகள் வந்து விரலைக் கடிக்கும். ஜிலேபியும் கெளுத்தியும் மாட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் விரால்.

தூண்டில் கட்டுவதில் இருந்தே பேரனைக் கூட வைத்துக்கொண்டேன். மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, ஒரு முள், முள்ளுக்கு மேலே கடுகு போல ஓர் ஈயத்துண்டு, தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. கடையில் நல்ல சிவப்பு பிளாஸ்டிக் தக்கை விற்கிறதே, அது ஏன் வேண்டாம் என்று கேட்டான். எனக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு பக்கெட் தண்ணீரை வைத்து வராந்தாவிலேயே பாடம் ஆரம்பித்துவிட்டேன்.

மிதக்கிற பொருளைக் கீழே இழுத்தால், இழுக்கிற விசைக்கு ஈடாக அது இன்னும் கொஞ்சம் தண்ணீரை விலக்கியாக வேண்டும். பருமனான தக்கை என்றால் ஒரு நூலிழை இறங்கினாலே போதும், அவ்வளவு தண்ணீரை விலக்கிவிடும். அதனால் மீன் லேசாகத் தொட்டால் அதில் ஒன்றும் தெரியாது. மயிலிறகுத் தண்டு மெல்லிசு. அதே அளவு தண்ணீரை விலக்க அது விரல் கணக்கில் இறங்க வேண்டும். மீன் முகர்ந்து பார்த்தால்கூட ஆடிக் காட்டிவிடும். "மெல்லிசா இருக்கறது சீக்கிரம் சொல்லும். தடியா இருக்கறது முழுகும்போதுதான் சொல்லும்" என்றேன். சொன்னபோது இயற்பியலுக்காகத்தான் சொன்னேன்.

வாழை மரத்தடியில் மண்புழு தோண்டினோம். அவன் தொட மாட்டேன் என்றான். குச்சியால் தள்ளித் தள்ளி டப்பாவில் போட்டான்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு அயனம்பாக்கம் ஏரிக்குப் போனோம். வீட்டில் இருந்து அம்பத்தூர் ரோடு பிடித்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். ஐப்பசி, கார்த்திகை மழை வாங்கி ஏரி நிறைந்திருந்தது. கரையைச் சுற்றி இப்போது வீடுகளும் அடுக்குமாடிகளும். ஆனால் தண்ணீர் மேல் பனி நின்றுகொண்டிருக்கும்போது பழைய ஏரியாகத்தான் தெரிந்தது. நாமக்கோழிகள் நடுவில் மிதந்தன. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு இடது பக்கம் ஒரு மடையான் ஆடாமல் அசையாமல் நின்றது. கொஞ்சம் தள்ளி லுங்கி கட்டிய ஒரு பெரியவர் இரண்டு தூண்டில் போட்டுவிட்டு பீடி பற்றவைத்திருந்தார்.

புழு கோத்தேன். வீசினேன். கழியைக் கவட்டைக் குச்சியில் சாய்த்துவைத்து, அடிப்பக்கத்தைக் காலால் லேசாக மிதித்துக்கொண்டேன். மயிலிறகுத் தண்டு தண்ணீரில் நிமிர்ந்து நின்றது.

"இப்ப தக்கையை மட்டும் பாக்கணும். வேற எதையும் பாக்கக் கூடாது. சரியா?"

"சரி தாத்தா."

பக்கத்தில் நின்ற மடையானைக் காட்டினேன். திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கொக்கைத்தான் உவமை சொல்கிறார் என்றேன். நேரம் வரும்வரை அது மாதிரி ஒடுங்கி இருக்க வேண்டும், வந்துவிட்டால் அது குத்துகிற மாதிரி சட்டென்று முடித்துவிட வேண்டும். அவன் கொக்கைப் பார்த்தான், தலையாட்டினான். முதல் பாடம் நல்லபடியாக முடிந்தது என்று எனக்குத் திருப்தி.

இரண்டாம் பாடத்தை மனசுக்குள் தயார் செய்ய ஆரம்பித்தேன். 'கவனம் என்பது...' என்று ஆரம்பிக்கலாமா, அல்லது ஒரு கதையோடு ஆரம்பிக்கலாமா? கண் தக்கை மேலேயே இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு நொடிகூட நான் வேறு பக்கம் திரும்பவில்லை.

தண்ணீரில் ஒரு சுருக்கம் ஓடியது. காற்று. அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் அப்பாவின் வேட்டி மடிப்பு ஞாபகம் வந்தது. அப்பாவோடு கூவத்துக்குப் போனது. அப்பா பீடி பிடிக்க மாட்டார், ஆனால் பக்கத்துப் பெரியவரின் பீடி வாசம் வேறு யாரையோ ஞாபகப்படுத்தியது. யார்? எங்கள் பள்ளியில் இருந்த ஒரு தலைமை ஆசிரியர். 1994-இல் ஆய்வக அலமாரிச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று அவருக்கும் எனக்கும் ஒரு பெரிய வாக்குவாதம். அன்று என்னால் பதில் சொல்ல முடியாமல் போய்விட்டது. இப்போது ஏரிக்கரையில் பதில் வந்தது பாருங்கள், அடேயப்பா, அப்படி ஒரு பதில்! 'ஐயா, சாவி உங்க மேஜையில இருந்தா பிப்பெட் எப்படி என் பிள்ளைங்க கைக்குப் போகும்?' என்று ஆரம்பித்து, மூன்று பாயிண்ட் சொல்லி, அவர் வாயடைத்து நிற்க, மற்ற ஆசிரியர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்க...

"தாத்தா!"

காலடியில் இருந்த கழி உயிர் வந்ததுபோல் கிளம்பியது. தக்கை இருந்த இடத்தில் தக்கை இல்லை. வளையம் வளையமாகத் தண்ணீர் மட்டும் விரிந்துகொண்டிருந்தது. நரம்பு விறைத்து ஒரு பக்கமாகக் கிழித்துக்கொண்டு போனது. நான் எழுந்தேனா, குனிந்தேனா தெரியாது. கரை மண் வழுக்கி, செருப்பு ஒரு பக்கம் போக, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். கழியைப் பேரன் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான், தண்ணீரைப் பார்க்கிறான். அதற்குள் தண்ணீருக்கு மேல் ஒரு கரும்பழுப்பு முதுகு புரண்டது. நல்ல விரால். முக்கால் கிலோவுக்குக் குறையாது. அடுத்த நொடி நரம்பு தொய்ந்துவிட்டது.

முள் மட்டும் திரும்பி வந்தது. புழுகூட இல்லை.

எங்கள் பெரியவர் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "அடி ஒண்ணும் படலியே சார்? அப்டித்தான் சார். நாம அசர்றது மீனுக்குத் தெரியும்" என்றார்.

பேரன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விடுமுறைக்கு வந்ததில் இருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்:

"தக்கை மூணு தடவை ஆடுச்சு தாத்தா. முதல்ல சும்மா தொட்ட மாதிரி. அப்புறம் கொஞ்சம் சாஞ்சுது. அப்புறம் ஒருவாட்டி பாதி உள்ள போய் வெளிய வந்துச்சு. நீங்களும் பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க? அதனாலதான் நான் சொல்லல."

பிறகு சாதாரணமாக, குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டான்:

"எங்க தாத்தா போயிருந்தீங்க?"

பிள்ளைகளே, முப்பத்து மூன்று வருஷத்தில் நான் எத்தனையோ பேரைப் பார்த்து "எங்கடா பாக்கற?" என்று கேட்டிருக்கிறேன். "எங்க போயிருந்தே?" என்று ஒருத்தரிடமும் கேட்டதில்லை. ஈரவேட்டியோடு கரையில் உட்கார்ந்து, சாவி விஷயம், தலைமை ஆசிரியர், பிப்பெட் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. "இவ்ளோ வருஷம் கழிச்சா சண்டை போட்டீங்க?" என்றான்.

"சரி, நீ வகுப்புல எங்க போவே?" என்று கேட்டேன். இந்த முறை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

பெரிதாக ஏதாவது சொல்லப்போகிறான், உள்ளே ஒரு விஞ்ஞானி ஒளிந்திருப்பான் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவன் வகுப்பு ஜன்னலில் இருந்து பைபாஸ் ரோடு தெரியுமாம். கன்டெய்னர் லாரிகளின் சக்கரத்தை எண்ணுவானாம். பதினெட்டா, இருபத்திரண்டா என்று. சில நாள் அந்த லாரியிலேயே ஏறிப் போய்விடுவானாம்.

"டீச்சர் கேள்வி கேட்டா?"

"டக்குனு திரும்பிடுவேன் தாத்தா. ஆனா அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சிடுவாங்க. அப்புறம் பதில் தெரிஞ்சாகூட வராது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிக்கொண்டதும் அவனுக்கு ஒரு சோதனை செய்து காட்டினேன். உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை ஒருவர் மேலே பிடித்து விடுவார், கீழே விரலை விரித்து வைத்திருப்பவர் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஸ்கேல் இருபது சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தால், கண்ணில் பட்டதற்கும் கை மூடியதற்கும் நடுவில் 0.2 நொடி ஆகியிருக்கிறது என்று கணக்கு. முழுக் கவனத்தோடு காத்திருக்கும் ஆளுக்கே அவ்வளவு நேரம் வேண்டும். மீனுக்கு அதுகூட வேண்டாம். சட்டென்று வாயைத் திறக்கும், தண்ணீரோடு சேர்த்து இரையும் உள்ளே போய்விடும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்படியென்றால் 1994-இல் இருந்து திரும்பி வந்து கழியைப் பிடிக்க வேண்டிய கிழவனுக்கு என்ன வாய்ப்பு?

பெரியவர் சொன்னதுபோல் நாம் அசருவது மீனுக்குத் தெரியாது. நாம் விழிப்பாக இருக்கும்போதும் அது கடிக்கத்தான் செய்கிறது. அதெல்லாம் 'மீன் மாட்டியது' என்று சாதாரணமாக ஞாபகத்தில் நிற்கும். அசந்திருந்தபோது கடித்தது மட்டும் 'திடீரென்று' என்று நிற்கும்.

மனசு அலைவது நோயும் இல்லை, திமிரும் இல்லை. 2010-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் ஓர் ஆய்வு செய்து சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். 2,250 பேரின் போனுக்கு நேரம் கெட்ட நேரத்தில் செய்தி அனுப்பி, இந்த நிமிஷம் என்ன செய்கிறீர்கள், மனசு அதில்தான் இருக்கிறதா என்று கேட்டார்கள். கேட்ட தடவைகளில் கிட்டத்தட்ட 47 சதவீதம் மனசு வேறு எங்கோ இருந்தது. வளர்ந்த மனிதர்களிடமே இதுதான் நிலைமை. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஐம்பது பேரும் என்னோடு இருக்கிறார்கள் என்று நான் நினைத்ததுதான் பெரிய பகல்கனவு. இன்னொன்றும் அந்த ஆய்வில் இருந்தது. மனசு அலையும்போது மனிதர்கள் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. அதனால் அலைவதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு விரால் போனது போனதுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 'மூணு தடவை ஆடுச்சு தாத்தா' என்பது காதில் நின்றுகொண்டே இருந்தது. எனக்குத் திடீரென்று முங்கிய தக்கை, பக்கத்தில் இருந்தவனுக்குத் திடீரென்று முங்கவில்லை.

1987-இல் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் எழுதவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஜன்னல் ஓரம், மூன்றாவது பெஞ்ச். ஒருநாள் மிதத்தல் விதி நடத்திக்கொண்டிருந்தேன். இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது? அவன் கண் ஜன்னலில் இருந்தது. எழுப்பினேன். விழித்தான். "ஜன்னல்ல என்னடா சினிமாவா ஓடுது?" வகுப்பே சிரித்தது. ஸ்கேலால் கையில் இரண்டு அடி. அதோடு விட்டிருக்கலாம். "நீ ஏரிக்கரையில தூண்டில் போடத்தான் லாயக்கு" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

இரண்டு மூன்று வாரத்தில் அவன் பள்ளிக்கு வருவது நின்றது. நாங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம்: "நல்லாத்தான் இருந்தான், திடீர்னு நின்னுட்டான்." தொடர்ந்து வராததால் பெயர் நீக்கம் என்று பதிவேட்டில் என் கையால்தான் எழுதினேன்.

2019-இல் ஒரு பழைய மாணவர் சந்திப்பில் அவன் கூடப் படித்த ஒருவர், சாப்பாட்டுப் பந்தியில், பேச்சுவாக்கில் சொன்னார். அந்த வருஷம் அவன் அப்பாவுக்குக் காலில் அடிபட்டுப் படுத்துவிட்டாராம். வீட்டில் கீரைப் பாத்தி போட்டிருந்தார்கள். கோயம்பேடு மார்க்கெட் எல்லாம் 1996-இல்தானே வந்தது. அப்போது கீரை, காய் எல்லாம் கொத்தவால் சாவடிக்குத்தான் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குச் சித்தப்பாவோடு கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு போய், விற்றுவிட்டு, பூந்தமல்லி பஸ் பிடித்துத் திரும்பி, குளித்துவிட்டு ஒன்பதரை மணிக்கு என் வகுப்பில் உட்காருவானாம். அவன் ஜன்னலில் எதையும் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான்.

அவர் சொன்னபோது நான் "அப்படியா, பாவம்" என்றேன். பாயசம் வந்தது, சாப்பிட்டேன். யாரோ என் குரலில் "ஜன்னல்ல என்னடா சினிமாவா" என்று சொல்ல, கூடவே சிரித்தேன்.

ஏரிக்கரையில் விழுந்த அன்று ராத்திரிதான் உட்கார்ந்து யோசித்தேன். தக்கை எத்தனை முறை ஆடியது? முதலில் அவன் தாமதமாக வர ஆரம்பித்தான். வெளியே நிற்கவைத்தேன். வீட்டுப்பாடம் நின்றது. நோட்டை வீசினேன். நகமெல்லாம் பச்சையாக, விரல் நுனியில் மண்ணாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்து, "கை கழுவிட்டு வர மாட்டியா?" என்றிருக்கிறேன். நான்காவதாக, அந்த ஜன்னல். நாலு முறை ஆடியிருக்கிறது. நான் முழுநேரமும் அவனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஏரிக்கரையில் தக்கையைப் பார்த்ததுபோலவே.

அந்த வகுப்பில் பகல்கனவு கண்டுகொண்டிருந்தவன் அவன் இல்லை. நான்தான். நூறு சதவீதத் தேர்ச்சி, ஆய்வுக்கு வரும் அதிகாரி, என் கரும்பலகைப் படம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது... இதில் எங்கேயோ நான் போயிருந்தேன். 'திடீர்னு நின்னுட்டான்' என்பது திரும்பி வந்தவன் சொன்ன வார்த்தை.

'அந்தக் காலத்தில் எல்லா வாத்தியாரும் அடித்தார்கள் சார்' என்று உங்களில் சிலர் கீழே எழுதுவீர்கள், என் மேல் உள்ள பிரியத்தில். தயவுசெய்து வேண்டாம். அடிப்பதும் மனசு நோகப் பேசுவதும் கூடாது என்று 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வருவதற்கு முன்னாலும் கை வலிக்கத்தான் செய்திருக்கும். அவன் வீடு பள்ளியில் இருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறை முடிந்ததும் அவன் பள்ளிக்குப் போய் அந்த ஆசிரியையைப் பார்த்தேன். நல்ல பெண். நாற்பத்து மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு போராடுகிறார். நான் அவரைக் குறை சொல்லப் போகவில்லை, எனக்கு அந்த யோக்கியதையும் இல்லை. இவனை ஜன்னலில் இருந்து இரண்டு பெஞ்ச் உள்ளே தள்ளி உட்காரவைக்க முடியுமா, கனவில் இருப்பதுபோல் தெரிந்தால் எழுப்பிக் கேள்வி கேட்காமல், பக்கத்தில் வந்து மேஜையை ஒரு தட்டு தட்ட முடியுமா என்று மட்டும் கேட்டேன். சரி சார் என்றார். மகள் கேட்டாள், "பேசினீங்களாப்பா?" என்று. "பேசினோம். அவன்தான் நிறைய பேசினான்" என்றேன். லாரிச் சக்கரத்தை இன்னும் எண்ணுகிறான். இப்போது என்னிடம் வந்து கணக்கு ஒப்பிக்கிறான்.

உங்களில் நிறைய பேர் இன்று ஆசிரியர்களாக, மேலாளர்களாக, அப்பா அம்மாவாக, சிலர் தாத்தா பாட்டியாகவே இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் ஒரு பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு வேறு எங்கோ போயிருந்தால், அது திரும்பி வரும்வரை இருந்து, மெதுவாக, தனியாக, "எங்க கண்ணு போயிருந்தே?" என்று கேளுங்கள். பத்தில் எட்டு முறை லாரிச் சக்கரம்தான் இருக்கும். சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். மீதி இரண்டில் கீரைக்கட்டு இருக்கலாம்.

கடைசியாக ஓர் உதவி. 1987 ஒன்பதாம் வகுப்புக்காரர்களே, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். பொதுவில் பெயர் எழுதாதீர்கள். அவனுக்கும் ஐம்பது வயது தாண்டியிருக்கும். 'அவர்' என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் என் மனசில் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு மேடையில் மன்னிப்புக் கேட்கிற எண்ணமெல்லாம் இல்லை. அது எனக்கு நல்ல பெயர் வாங்கித்தரும், அவருக்கு என்ன தரும்? அவர் சம்மதித்தால் அவர் இருக்கும் இடத்துக்கு நானே போவேன். பார்க்க இஷ்டம் இல்லை என்றால் அதுவும் நியாயம்தான், போக மாட்டேன்.

ஒருவேளை அவரே இதைப் படிக்க நேர்ந்தால்: ஐயா, தூண்டில் போடத்தான் லாயக்கு என்று அன்று உங்களைச் சொன்னேன். அதற்குக்கூட லாயக்கில்லாதவன் நான் என்று முக்கால் கிலோ விரால் ஒன்று என்னைத் தண்ணீரில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டது. அன்று உங்கள் கையைப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது கேட்க ஆசைப்படுகிறேன்.

அன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதும் என் வீட்டு அம்மா கேட்டது என்ன என்று உங்களுக்கே தெரியும். "மீன் எங்கங்க?" பேரன் முந்திக்கொண்டு சொன்னான், "மார்க்கெட்ல இருக்கு பாட்டி." போய் வாங்கி வந்தோம். குழம்பு நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஏரிக்குப் போகிறோம். இந்த முறை தக்கையைப் பார்ப்பது அவன் வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலைமை ஆசிரியரோடு சண்டை போடுவேன்.

எல்லோரும் நல்லா இருங்க.

உங்கள் அறிவியல் சார்,
வானகரம்.